மில் ரோட்டை அளந்தவர்

கோயமுத்தூர் ஜில்லாவில் தன் மேலேயே புகார் மனு எழுதிக் கொடுத்து, அதில் பிழை ஏதும் இருக்கிறதா என்று இரண்டு தரம் படித்தும் பார்த்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். இனிமேல் அப்படி ஒருவர் பிறக்க மாட்டார். பிறந்தாலும் சிங்காநல்லூரில் பிறக்க மாட்டார். அங்கே இப்போது இடம் இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாது. டேப்பண்ணன் என்றால் தெரியும். வயது ஐம்பத்தைந்து இருக்கும். மில்லில் துணியை அளந்து மடிக்கிற பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். மில்லை மூடியபோது மற்றவர்களுக்கு வேலையும் போயிற்று, வேலையின் பழக்கமும் போயிற்று. இவருக்கு வேலை மட்டும்தான் போயிற்று. தோல் உறை போட்ட ஐம்பது அடி டேப்பு ஒன்று எப்போதும் கையில் இருக்கும். சட்டைப் பையில் சாக்பீஸ். டேப்பின் முதல் ஒரு அடி தேய்ந்து எண்ணே தெரியாது. அதனால் எதையும் ஒன்றிலிருந்து பிடித்து அளந்து, முடிவில் ஒன்றைக் கழிப்பார். யாராவது சந்தேகமாகப் பார்த்தால், "கழிச்சுப்போட்டனுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலில் இருந்து அளந்து காட்டுவார். அதற்குப் பயந்தே யாரும் சந்தேகப்படுவதில்லை.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தாராபுரத்தில் ரைஸ் மில் களத்தில் நெல் துழாவினேன். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் மூட்டை இறக்கினேன். அதில் ஒரு மூட்டை என் கால்மேல் இறங்கியது. பிறகு லாரியில் கிளீனராகச் சுற்றினேன். லாரி டிரைவர் ஒரு நாள் சிங்காநல்லூரில் டீ குடிக்க நிறுத்தினார். கிளம்பும்போது என்னை ஏற்றிக்கொள்ள மறந்துவிட்டார். மறந்தாரா என்பதைப் பற்றி அப்புறம் நான் அதிகம் யோசிக்கவில்லை. ஊருக்குத் திரும்புகிற ஒருவரிடம் ஒரு தள்ளுவண்டியையும் காளான் செய்யும் முறையையும் சேர்த்து வாங்கினேன். காளான் என்பது பெயர்தான். முட்டைக்கோசும் மைதாவும் பொரித்து மசாலாவில் போட்டுக் கிளறுவோம். காளானை ஒரு மரியாதைக்குச் சேர்ப்போம். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே இன்னொரு பிளேட் கேட்பார்கள்.

முதல் நாள் சாயங்காலம் மில் ரோட்டில் காலியாக இருந்த ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தி அடுப்பைப் பற்ற வைத்தேன். டேப்பண்ணன் வந்தார்.

"வாங்க தம்பி. ஊருக்குப் புதுசுங்களா?"

"ஆமாங்ணா."

"ரொம்பச் சந்தோசமுங்க. அடுப்பெல்லாம் பத்த வெச்சாச்சாட்ட இருக்குது."

"ஆச்சுங்ணா."

"நல்லதுங்க. நீங்க நிக்கறது சைக்கிள் கடைக்காரரு வாசலுங்க. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, தங்கமான மனுசன். ஆனா சைக்கிளு உள்ள போகோணுமுங்களே. பாவம், அதுக்கு வாயில்லை."

இந்த ஒரு சட்டி முடியட்டும், நகர்த்திவிடுகிறேன் என்றேன்.

"முடிங்க, முடிங்க. ஒரு அவசரமும் இல்லீங்க. நான் இந்த முனையப் புடிச்சுட்டு இப்படி ஓரமா நிக்கறனுங்க."

நின்றார். டேப்பின் முனையைப் பிடித்தபடி, சிரித்த முகத்தோடு, என் வண்டிக்கு நேர் எதிரே நின்றார். வருகிறவர்கள் எல்லாம் ஏதோ ஆபீசிலிருந்து அளக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அப்படியே திரும்பிப் போனார்கள். பத்து நிமிஷத்தில் நானே வண்டியைத் தள்ளிக்கொண்டு, "எங்கிங்ணா நிக்கறது?" என்று கேட்டேன். ஜெபமணியின் சுண்டல் வண்டிக்கும் மரகதத்தின் பணியார வண்டிக்கும் நடுவில் அஞ்சடி அளந்து கோடு போட்டுக் கொடுத்தார். காசு ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. யாரிடமும் கேட்டதில்லை என்று ஜெபமணி சொன்னார்.

அந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் முழுக்க மில் சுவர். எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை, தையல் கடை, சரசக்கா மெஸ். மில் ஓடிய காலத்தில் மூன்று ஷிப்டுக்கும் அந்த ரோட்டில் கூட்டம் இருந்ததாம். மில்லை மூடியதும் ரோடும் சேர்ந்து மூடிக்கொண்டது. ஏழு மணிக்கு மேல் அந்த வழியாகப் பெண்கள் நடக்க மாட்டார்கள். சுவர் ஓரமாக என்னென்ன நடக்கும் என்பதை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. இந்த நிலையில் ஒரு நாள் ஜெபமணி தன் சுண்டல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றினார். அந்த வெளிச்சத்தில் மரகதம் வந்தார். இரண்டு பேருக்கும் விளக்குக் கம்பத்தடி யாருக்கு என்று சண்டை வந்தது. அப்போது அந்தப் பக்கம் போன டேப்பண்ணன், "இருங்க, அளந்து பாத்துறலாமுங்க" என்றார். அன்றைக்கு அளக்க ஆரம்பித்தவர்தான். நான் வந்தபோது என்னையும் சேர்த்து இருபத்திரண்டு வண்டிகள் ஆயின. யாரும் அவரை நியமிக்கவில்லை. யாருக்கும் அவரை நீக்கும் துணிச்சலும் இல்லை. ஒரு மனிதரை ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் நம்மை முதலில் ஒரு வார்த்தை தடித்துப் பேச வேண்டும். அவர் பேச மாட்டார்.

அவருடைய சட்டங்கள் இரண்டு. ஒன்று, எந்தக் கடையின் வாசலையும் மறைக்கக் கூடாது. இரண்டாவது சட்டம்தான் கஷ்டமானது: சரசக்கா மெஸ்ஸில் என்ன கிடைக்குமோ அது ரோட்டில் கிடைக்கக் கூடாது.

ஏனென்றால் டேப்பண்ணன் மில்லில் வேலை பார்த்த காலத்திலிருந்தே மத்தியானம் சாப்பிடுவது சரசக்கா மெஸ்ஸில்தான். மில் மூடின பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. மத்தியானம் அங்கே உட்கார்ந்து அரிசிம்பருப்புச் சோறு சாப்பிடுவார். சாயங்காலம் எழுந்து போய் அந்த மெஸ்ஸுக்கு எதிராக இருபத்திரண்டு கடைகளை வரிசையாக நிறுத்துவார். இதில் இருக்கிற முரண்பாடு அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததனால்தான் அந்த இரண்டாவது சட்டம். இட்லி, தோசை, புரோட்டா எதுவும் ரோட்டில் கூடாது. நான்கூட இட்லிதான் போட நினைத்திருந்தேன்.

சரசக்காவுக்கு ஐம்பது வயது. புருஷன் இல்லை. மில்லை நம்பி மெஸ் போட்டவர். டேப்பண்ணனின் மரியாதைக்கு எல்லாம் மயங்குகிற ஆள் கிடையாது. ஒரு நாள் கரண்டியோடு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க டேப்பு, பணியாரம்னா என்னுங்க?"

"பணியாரந்தானுங்க அம்மணி."

"குழியில ஊத்துன இட்லி மாவுங்க. கவுத்துப் போட்டா இட்லியில்லைன்னு ஆயிருமா?"

மரகதத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படிப் பாத்தா தோசையும் இட்லி மாவுதானுங்கக்கா. உங்க மெஸ்ஸுல ரெண்டுக்கும் ஒரே வெலைங்களா?"

டேப்பண்ணன் இரண்டு பணியாரம் வாங்கிச் சாப்பிட்டார். சரசக்கா மெஸ்ஸுக்குப் போய் ஒரு இட்லியும் சாப்பிட்டார். அரை மணி நேரம் மில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து தீர்ப்புச் சொன்னார். உட்கார்ந்தோ நின்றோ சாப்பிட்டால் அது டிபன். டிபன் மெஸ்ஸுக்குச் சொந்தம். நடந்துகொண்டே சாப்பிட்டால் அது தீனி. தீனி ரோட்டுக்குச் சொந்தம்.

மறுநாளிலிருந்து மரகதத்திடம் பணியாரம் வாங்குகிறவர்கள் யாரும் நிற்க முடியவில்லை. வாங்கிக்கொண்டு நின்றால் டேப்பண்ணன் பக்கத்தில் வந்துவிடுவார். "கொஞ்சம் நடந்துக்கிட்டே சாப்பிடுங்க சாமி. நின்னா டிபன் ஆயிருமுங்க." தொன்னையைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் சாயங்காலம் முழுக்க அந்த ரோட்டில் மேலும் கீழும் நடந்தார்கள். புதிதாகப் பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு சேர்ந்து நடந்ததாக ஜெபமணி சொல்வார். ஜெபமணி சொல்வதில் பாதிதான் நம்ப வேண்டும்.

சிரிக்கிறோம். ஆனால் சரசக்காவின் நிலைமையில் சிரிக்க ஒன்றுமில்லை. மெஸ்ஸின் கதவருகே நின்றால் எதிரே இருபத்திரண்டு அடுப்புகளின் புகை தெரியும். சுற்றிலும் மொய்க்கிற ஜனம் தெரியும். உள்ளே திரும்பினால் ஆறு பெஞ்சும் காலியாக இருக்கும். நாங்கள் வாடகை தருவதில்லை. லைசென்ஸ் எடுப்பதில்லை. சாக்கடைக்கு மேல் நின்று விற்றுவிட்டு, எச்சில் தொன்னைகளை அங்கேயே விட்டுப் போவோம். காலையில் அதைக் கூட்டித் தள்ளுவது சரசக்காதான். எனக்கு இது தெரியும். தெரிந்தும் அடுத்த நாள் போய் அதே இடத்தில் அடுப்பைப் பற்ற வைத்தேன். வயிற்றுக்கு இல்லாதவன் ரோட்டில் இறங்கும்போது யாருடைய வாசல் என்று பார்த்து இறங்க முடியாது. சரசக்காவும் அந்தக் காலத்தில் அப்படி இறங்கியவர்தான். அது அவருக்கும் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் நானும் டேப்பண்ணனும் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சரசக்கா ரசம் ஊற்றியபடி சொன்னார்.

"ஏனுங்க டேப்பு, உங்களுக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்னு சொல்றாங்க."

"சுமாரா இருக்குமுங்க அம்மணி."

"ஒரு மனு எழுதோணும்."

"எழுதிப்போடலாமுங்க. யாரு மேலிங்க?"

"உங்க மேலதான். நீங்க நிறுத்தி வெச்சிருக்கற வண்டிக மேல."

டேப்பண்ணன் ரசத்தை ஒரு வாய் குடித்தார். "நீட்டுத் தாளுங்களா, சின்னத் தாளுங்களா?"

வெளியே வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்ணா, உங்களுக்கென்ன கெரகமா? அதை எழுதிக் குடுத்தா நம்ம எல்லாரையும் இங்கிருந்து தாட்டி உட்ருவாங்க."

"அந்தம்மா கேக்கறது நெசந்தானுங்க தம்பி. பொய்யா இருந்தா முடியாதுன்னு சொல்லிப்போடலாம்."

"நாம பொழைக்கறதும் நெசந்தானுங்களே."

"யாரு இல்லைன்னாங்க? அதையும் ஒருத்தரு வந்து கேட்டா எழுதித் தாரனுங்க."

அந்த மனுவை நான் பார்த்தேன். வழக்கமாக மனு என்றால் 'பொதுமக்களுக்கு மிகவும் இடைஞ்சலாக உள்ளது' என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்த ஆபீசும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. டேப்பண்ணனின் மனு அப்படி இல்லை. 'தெற்கிலிருந்து நான்காவது வண்டி, சுண்டல், ரோட்டு விளிம்பைத் தாண்டி ஒன்றே முக்கால் அடி. ஐந்தாவது வண்டி, காளான், ஒன்றரை அடி. கூட்டம் சேர்ந்தால் நான்கு அடி' என்று இருபத்திரண்டு வண்டிக்கும் எழுதி, கடைசியில் சின்னதாக ஒரு வரைபடமும் போட்டிருந்தார். அதில் மெஸ் வாசலில் ஒரு புள்ளி வைத்து, 'மனுதாரர் நிற்கும் இடம்' என்று குறித்திருந்தார். இப்படி ஒரு மனு வந்தால் எந்த ஆபீசும் வராமல் இருக்க முடியாது. பத்தாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஜீப்பில் ஆபீசர் வந்தார்.

ஆபீசர் வந்தார், டேப்பு வரவில்லை. ஆபீசில் மறந்துவிட்டார்கள்.

"என்ற கிட்ட இருக்குதுங்க சார்" என்று டேப்பண்ணன் முன்னால் வந்தார். "மொத ஒரு அடி மட்டும் கழிச்சுக்கோணுமுங்க."

ஆபீசர் ஒரு முனையைப் பிடித்தார். டேப்பண்ணன் மறுமுனை. தன் வண்டியை அளக்கும்போது மரகதம் மெதுவாகக் கெஞ்சினார். "டேப்பண்ணா, ரவ தொய்வாப் புடிங்கண்ணா."

"தொய்வாப் புடிச்சா எச்சாக் காட்டுமுங்க அம்மணி" என்று அவர் விறைப்பாகப் பிடித்தார்.

இருபத்திரண்டும் அளந்து முடித்ததும் ஆபீசர் மனுவைப் பார்த்தார். "ஒரு இஞ்ச்கூட மாறலையே. யாருங்க இதை எழுதினது?"

"நானுங்க."

"உங்க கடை எது?"

"கடை இல்லீங்க."

"அப்ப இந்த வண்டியெல்லாம் இங்க நிறுத்தினது யாரு?"

"அதும் நானுங்க."

ஆபீசர், யோசிக்க நேரம் வேண்டும் போல, மரகதத்திடம் ஒரு தொன்னை பணியாரம் கேட்டார். வாங்கி ஒன்றை வாயில் போட்டார். டேப்பண்ணன் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங் சார், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் நடந்துக்கிட்டே சாப்பிட்டீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

ஆபீசர் நடந்தார். ஏன் நடக்கிறோம் என்று தெரியாமலே மில் ரோட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அப்படி நடந்ததில் ரோடு முழுக்க அவர் கண்ணில் பட்டுவிட்டது. திரும்பி வந்து நல்லவிதமாகத்தான் சொன்னார். ரோட்டில் வேண்டாம், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மைதானம் சும்மா கிடக்கிறது, அங்கே போய்க்கொள்ளுங்கள் என்றார். யார் வண்டியையும் கவிழ்க்கவில்லை. ஒரு சட்டியைக்கூடத் தொடவில்லை. நான் பார்த்த ஊர்களில் அது பெரிய விஷயம்.

மைதானம் சும்மா கிடக்கவில்லை. அங்கே லேத் பட்டறை ஆட்கள் வேலை முடிந்து வாலிபால் ஆடுவார்கள். டேப்பண்ணன் முதல் வேலையாக வாலிபால் கோர்ட்டை அளந்து, அதைச் சுற்றி ஆறடி விட்டு, மிச்சத்தில்தான் எங்களுக்குக் கோடு போட்டார். பந்து இரண்டு முறை என் சட்டியில் விழுந்தது. மற்றபடி குறை சொல்ல முடியாது. வெளியூர் போகிற பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் வந்தார்கள். பசியோடு வந்தார்கள். பஸ் வந்துவிடும் என்ற பயத்தில் எதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் கிடைப்பது அபூர்வம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் நானும் டேப்பண்ணனும் பழையபடி சரசக்கா மெஸ்ஸுக்கு நடந்து போவோம். முதல் இரண்டு நாள் மெஸ்ஸில் சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் கூடியதாம். மூன்றாம் வாரம் ஒரு நாள் நாங்கள் போனபோது சரசக்கா ஆறு பெஞ்சில் மூன்றைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார்.

"வேண்டாததுக்கு எதுக்குத் தொடைக்கறது?" என்றார்.

"சாயங்காலம் ஆளு வரலீங்களா?" என்று கேட்டேன்.

"ரோட்டுக்கே ஆளு வரல கண்ணு. உங்க வண்டிக்கு வந்தவிங்கதான் தண்ணி குடிக்கன்னு உள்ள வந்து, உக்காந்தது உக்காந்தாச்சுன்னு ஒரு தோசை சொல்லுவாங்க. ஊட்டுக்காரி பணியாரம் வாங்க நிப்பா, ஊட்டுக்காரன் இங்க டீ குடிப்பான். அன்னிக்கு எனக்கு அது கண்ணுல படல. உங்க கூட்டந்தான் கண்ணுல பட்டுது."

தையல் கடைக்காரர் ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறார் என்றார். சைக்கிள் கடையில் பங்சர் ஒட்டக்கூட ஆள் வருவதில்லை. கம்பெனி வேலை முடிந்து வருகிற பெண்கள் மறுபடியும் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். சுவர் ஓரம் பழையபடி ஆகிவிட்டது.

"வண்டி இருக்கறப்ப, என்ற கடையில கூட்டமில்லைன்னு உங்களப் பாத்து வைஞ்சேன். இப்ப ரோட்லயே கூட்டமில்லை. யாரப் பாத்து வையறது? இந்த மாசத்தோட சாத்திப்போடலாம்னு இருக்கறேன்."

டேப்பண்ணனின் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது. "அப்ப இன்னொரு மனு எழுதலாமுங்களா அம்மணி?" என்றார்.

"எழுதுங்க" என்றார் சரசக்கா. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

இரண்டாவது மனுவும் ஒரு இஞ்ச் குறையாமல் இருந்தது. மூன்று கடைக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தத் தடவை ஆபீசர் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. "கடைக்காரங்களுக்கே ஆட்சேபம் இல்லைன்னா, விளிம்பத் தாண்டாம நிறுத்திக்குங்க. மறுபடி புகார் வந்தா நான் பொறுப்பில்லை" என்றார். அவ்வளவுதான். இனி வண்டிகள் திரும்பிப் போனால் மெஸ் பிழைக்கும்.

டேப்பண்ணன் மைதானத்துக்கு வந்து வண்டி வண்டியாகப் போய்க் கூப்பிட்டார்.

"நீங்க கூப்புட்டு வராமப் போவமுங்களா" என்றார் மரகதம்.

"நீங்க முன்னால போங்கண்ணா, பின்னாலயே வாரன்" என்றார் ஜெபமணி.

"பாக்கலாமுங்ணா" என்றேன் நான்.

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்கிற வழக்கம் கிடையாது. பாக்கலாமுங்க என்றால் வர மாட்டோம். வராமப் போவமுங்களா என்றால் கண்டிப்பாக வர மாட்டோம். இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். மைதானத்தில் வியாபாரம் நடக்கிறது. அதை விட்டுவிட்டு இருட்டு ரோட்டுக்கு யார் போவார்கள்? இருபத்திரண்டு பேரும் அவரிடம் மரியாதையோடு, வர மாட்டோம் என்று சொல்லி அனுப்பினோம். அவர் முகம் நிறையச் சிரித்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் சாயங்காலம் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற தையல்காரர் சைக்கிளில் வந்து எங்கள் பக்கம் ஒரு காலை ஊன்றினார்.

"ஏப்பா, நீங்கெல்லாம் இன்னிக்கு அங்க வாரதாச் சொல்லியிருந்தீங்களாமா? டேப்பு இருபத்திரண்டு கட்டம் போட்டு வெச்சுட்டு நிக்கறாரு. சரசக்கா மாவு அதிகமா ஆட்டி வெச்சிருக்குது."

எல்லாரும் அவரவர் அடுப்பைப் பார்த்தோம்.

"நான் வர மாட்டேன்னு அவருக்குத் தெரியாதா?" என்று மரகதம் கேட்டார்.

"நாம சொல்லியிருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றார் ஜெபமணி.

ஜில்லாவிலேயே அதிகம் 'ங்க' போட்ட மனிதருக்கு இந்தப் பேச்சு புரியாமல் போனது எப்படி என்று நான் யோசித்துப் பார்த்தேன். எழுதிப்போடலாமுங்க என்று அவர் சொன்னால் எழுதினார். நிக்கறனுங்க என்றால் நின்றார். அவர் போட்ட மரியாதைக்குப் பின்னால் வேறு ஒன்றும் இருந்ததில்லை. அதனால் எங்களுடையதிலும் இருக்காது என்று நினைத்துவிட்டார்.

அடுப்பை அணைத்து வண்டியைக் கிளப்பினேன். எண்ணெய்ச் சட்டி சூடாக இருந்ததால் மெதுவாகத்தான் தள்ள முடிந்தது. மில் ரோட்டுக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுவர் நெடுகிலும் வெள்ளைக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பணியாரம், சுண்டல், மசால் பூரி என்று எழுதியிருந்தது. மெஸ் வாசலில் சரசக்கா இரண்டு பெஞ்சை வெளியே எடுத்துப் போட்டு, ஒரு குடம் தண்ணீரும் சொம்பும் வைத்திருந்தார்.

டேப்பண்ணன் ஐந்தாவது கட்டத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "வாங்க தம்பி. மத்தவிங்க எல்லாம்?"

"பின்னாலயே வாராங்கண்ணா" என்றேன்.

"வரட்டுங்க. அவசரமில்லை."

வண்டியை நிறுத்தினேன். அவர் குனிந்து பார்த்தார். பின்சக்கரம் கோட்டுக்கு வெளியே இரண்டு விரற்கடை இருந்தது. ரோட்டில் வேறு ஒரு ஈ, காக்காய் கிடையாது. நகர்த்தினேன்.

சரசக்கா வந்தார். "ஒரு பிளேட் போடு கண்ணு. இத்தன நாளா என்ற பொழப்பக் கெடுத்தது எப்படித்தான் இருக்குதுன்னு பாக்கறேன்." வாங்கிக்கொண்டு டேப்பண்ணனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போய்த் தன் பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிட்டார். டேப்பண்ணன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மில் சுவரில் ஏதோ இருப்பது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் சட்டத்தை மீறுகிற ஒருவரை அவர் விட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஏங்கண்ணு, இதுல காளான் எங்க?" என்றார் சரசக்கா.

அன்றைக்கு எனக்கு ஒன்பது பிளேட் போயிற்று. அதில் இரண்டு, திரும்பி வந்த தையல்காரர் வீட்டுக்கு வாங்கிப் போனது. ஒரு வாரம் கழித்து மரகதம் வந்தார், அந்தப் பக்கம் தற்செயலாக வந்தது போல. பிறகு ஜெபமணி. மொத்தம் ஏழு பேர் திரும்பினோம். மற்ற பதினைந்து கட்டங்களையும் மழை அழித்தால் டேப்பண்ணன் மறுபடி போட்டார். வருகிறோம் என்று சொன்னவர்களின் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏழு விளக்குக்கே அந்த ரோடு நடக்கும்படி ஆயிற்று. கம்பெனிப் பெண்கள் மெயின் ரோட்டைச் சுற்றுவதை விட்டார்கள். சரசக்கா மெஸ்ஸைச் சாத்தவில்லை. மத்தியானம் சோறு, சாயங்காலம் தோசையும் டீயும் என்று சுருக்கிக்கொண்டு, அடுக்கி வைத்த பெஞ்சுகளில் ஒன்றை இறக்கினார்.

அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, எந்த ஊரிலும் நான் இரண்டாவது பொங்கல் வரை இருந்து பார்த்தது கிடையாது. மில் ரோட்டில் நான்கு பொங்கல் பார்த்தேன். காளான் என்னவோ மைதானத்தில்தான் நன்றாக விற்றது.